கிரிக் – ஜெலி – லோஜிங் சுற்று: ஹைலக்ஸில் 4 பேர், 3 ராத்திரி. சாப்பாடு, ஐஸ், வண்டி எப்படித் தயார் பண்றது?

கித்தாக்காடு எழுதியது:

வணக்கம். மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட்டில் கிளம்பி கிரிக், ஜெலி, குவா மூசாங், லோஜிங் வழியா சிம்பாங் பூலாய் இறங்கி வீடு திரும்பற சுற்று. வண்டி ஹைலக்ஸ் 2.5 டீசல், நாலு சக்கரமும் இழுக்கிற ரகம். படுக்கை ஆத்தோரம் கூடாரத்தில். 50 லிட்டர் ஐஸ் பெட்டி ஒன்னு இருக்கு, ஆனா ரெண்டாம் நாள் மத்தியானமே உள்ளே வெறும் தண்ணிதான். கோழி, மீன் மூனாம் நாள் வரைக்கும் தாங்க வழி இருக்கா, இல்ல 12 வோல்ட் பிரிட்ஜ் வாங்கித்தான் ஆகணுமா? குடிதண்ணி, கேஸ் எவ்வளவு ஏத்தணும்? வழியில செம்பனைத் தோட்டத்து மண் பாதையும் வரும். வண்டியில எதையெல்லாம் முன்கூட்டியே பார்க்கணும்?

அடுப்படி எழுதியது:

பெட்டியைக் குறை சொல்ல வேண்டாம் அண்ணே. சூடான பெட்டியில் சூடான பான டின்களை அடுக்கி மேலே ஐஸ் கொட்டினால், பாதி ஐஸ் அவற்றைக் குளிரவைக்கவே போய்விடும். கிளம்புவதற்கு முந்தின இரவே ஒரு பை ஐஸ் போட்டு மூடி வையுங்கள். காலையில் அதைக் கொட்டிவிட்டுப் புதிதாக அடுக்குங்கள்.

கடையில் விற்கும் குழாய் ஐஸ் சீக்கிரம் கரையும். 1.5 லிட்டர் மினரல் பாட்டில் 6 எடுத்து, உறையும்போது தண்ணீர் விரியும் என்பதால் கழுத்துக்குக் கீழேயே நிறுத்தி, 2 நாள் பிரீசரில் வையுங்கள். பெரிய கட்டி மெதுவாகக் கரையும், கரைந்த பிறகு அதுவே குடிதண்ணீர். குடிக்கிற பானங்களுக்குத் தனியாக ஒரு சின்னப் பெட்டி வேண்டும். நாளைக்கு இருபது தடவை திறப்பது அதைத்தான். பின்தட்டின் இரும்பு வெயிலில் கொதிக்கும், அதனால் பெட்டிக்கு அடியில் ரப்பர் பாய் ஒன்று போட்டு, மேலே ஈரச் சாக்கு போர்த்துங்கள்.

கோழியை மஞ்சள், உப்பு, மிளகாய்த்தூள் பிரட்டி, பையில் 2 சென்டிமீட்டர் கனத்துக்குத் தட்டையாகப் பரப்பி உறைய வையுங்கள். தட்டையாக இருந்தால் இடுக்கில் காற்று நிற்காது. பையை இரட்டையாகப் போட்டு அடியில் வையுங்கள், இல்லையென்றால் பச்சை இறைச்சித் தண்ணீர் மற்றதில் ஒழுகும். முதல் ராத்திரி மீன், ரெண்டாம் ராத்திரி கோழி, அதோடு பச்சை இறைச்சி முடிந்தது. மூன்றாம் நாளுக்குக் கருவாடு, நெத்திலி, டின் மத்தி, மைசூர்ப் பருப்பு. இந்தப் பருப்பு ஊறவைக்காமலே 20 நிமிடத்தில் வெந்துவிடும், கேஸும் மிச்சம். மூன்றாம் நாள் கோழிக்கு நான் கை கொடுக்கமாட்டேன். இறைச்சி 5 டிகிரிக்கு மேல் 2 மணி நேரம் கிடந்தால் தூக்கிப் போடுங்கள், நம் ஊர் வெயிலில் 1 மணி நேரம்தான் கணக்கு. பெட்டிக்குள் ஒரு சின்னத் தெர்மாமீட்டர் போட்டுவிட்டால் சந்தேகமே இல்லை.

சம்பலை வீட்டிலேயே வதக்கி எடுத்துப் போங்கள். காய்ந்த மிளகாய் 25, சின்ன வெங்காயம் 200 கிராம், ஒரு துண்டு பெலாச்சான் (இறால் விழுதுக் கட்டி), எலுமிச்சை அளவு புளி, எண்ணெய் முக்கால் கப். சின்னத் தீயில் அரை மணிக்கு மேல் ஆகும். கரண்டியால் சட்டி நடுவில் கோடு இழுத்தால் கோடு மூடக்கூடாது, இரண்டு பக்கமும் எண்ணெய் பிரிந்து நிற்க வேண்டும். அதற்கு முன் இறக்கினால் உள்ளே தண்ணீர் நிற்கும், புளித்துப் போகும். தேங்காய்ப்பால் சேர்க்கவே வேண்டாம், தேவையென்றால் அங்கே போய்த் தேங்காய்ப்பால் மாவைக் கரைத்துக்கொள்ளலாம். பொரித்த நெத்திலி தனி டப்பாவில், தட்டில்தான் கலக்க வேண்டும். சம்பல் புட்டி ஐஸ் பெட்டியிலேயே இருக்கட்டும்.

அரிசி ஒரு வேளைக்கு ஆளுக்கு 100 கிராம். மிஞ்சின சோற்றைக் காலைக்கு வைக்காதீர்கள். அதில் வளரும் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

தண்ணீர் குடிக்க, சமைக்க ஆளுக்கு ஒரு நாளைக்கு 4 லிட்டர். 4 நாளைக்கு 64 லிட்டர் வரும். 20 லிட்டர் கேன் 2 போதும், ஜெலியிலும் குவா மூசாங்கிலும் நிரப்பிக்கொள்ளலாம். 230 கிராம் கேஸ் டின் முழுத் தீயில் ஒன்றரை மணி நேரம்போல எரியும். ஒரு நாளைக்கு ஒன்று, கூடுதலாக ஒன்று. டின் விளிம்பில் உள்ள வெட்டு மேலே பார்த்து உட்கார வேண்டும். தவறினால் திரவமாகவே வந்து தீ குப்பென்று எழும். டின் இருக்கும் மூடிவரை நீளும் அகலச் சட்டியை ஏற்றாதீர்கள், சூடு திரும்பி டின் வெடிக்கும்.

நாலுசக்கரம் எழுதியது:

பிரிட்ஜ் கணக்கை முதல்ல சொல்லிடறேன். 40 லிட்டர் கம்ப்ரசர் பிரிட்ஜ் நம்ம வெக்கையில ஒரு நாளைக்கு 35–45 ஆம்ப்-மணி இழுக்கும். வண்டி பேட்டரி 70தான், பாதி குடிச்சிட்டா காலையில ஸ்டார்ட் ஆகாது. பிரிட்ஜ் வாங்கினா தனி பேட்டரியும் அதுக்கு சார்ஜரும் வாங்கணும். 3 ராத்திரிக்கு அது வீண் செலவு.

டயர்ல நேரம் செலவழிங்க. ஸ்பேர் டயர் பக்கச்சுவர்ல நாலு இலக்கம் இருக்கும். 2319ன்னா 2019-ஆம் வருஷம் 23-ஆவது வாரம் செஞ்சது. அடியில தொங்கற ஸ்பேரை வீட்டிலேயே ஒருமுறை இறக்கிப் பாருங்க. செம்மண்ணும் துருவும் ஏறி சங்கிலி இறுகியிருந்தா காட்டுல இறங்கவே இறங்காது. ஜேக்குக்கு அடியில வைக்க 30 செ.மீ. சதுரத்துல 2 அங்குலக் கனமான பலகை எடுத்துக்குங்க, இல்லன்னா ஈர மண்ணுல ஜேக் கீழே போகும், வண்டி மேலே வராது. காத்து: தார்ச்சாலையில கதவு ஸ்டிக்கர்ல உள்ள அளவு, மண் பாதையில 25 psi, சேத்துல 18–20 psi. இறக்கினா 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போகாதீங்க, தார்ச்சாலைக்கு ஏறின உடனே 12 வோல்ட் கம்ப்ரசர்ல நிரப்புங்க.

டீசல் பில்டர் அடியில உள்ள திருகைத் தளர்த்தி, மேல உள்ள பம்பை அமுக்கி தண்ணியை வடிச்சிடுங்க. நம்ம டீசல்ல செம்பனை எண்ணெய் கலப்பு இருக்கு, ஈரம் பிடிக்கும். பிரேக் எண்ணெய் 2 வருஷத்துக்கு மேல ஆயிருந்தா மாத்துங்க. லோஜிங்ல இருந்து சிம்பாங் பூலாய் இறக்கத்துல பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா, ஈரம் ஏறின எண்ணெய் கொதிச்சு பெடல் தரை வரை போகும். சின்ன கியர்ல இறங்குங்க. கனமான சாமான் பின் அச்சுக்கு முன்னாடி, தாழ்வா.

இழுக்கிற கயிறை டோ பந்துல (டிரெய்லர் மாட்டற உருண்டை) மாட்டவே கூடாது. அது உடைஞ்சா குண்டு மாதிரி பறக்கும். சேசிஸ்ல போல்ட் போட்ட கொக்கி, 4.75 டன் தாங்கற ஷாக்கிள் (U வடிவ இரும்பு வளையம்), கயிறு நடுவுல கனமான போர்வை. ஆளுங்க தூரமா நிக்கட்டும்.

கிரிக்ல டேங்கை முழுசா நிரப்புங்க. ஜெலி வரை சுமார் 120 கிலோமீட்டர், இடையில எண்ணெய் நிலையத்தை நம்பிப் போக வேண்டாம். பொழுது சாயறதுக்குள்ள தாண்டிடுங்க, அது யானை நடக்கிற சாலை. எதிர்ல வந்தா ஹாரன் வேண்டாம், உயர் விளக்கு அடிக்க வேண்டாம், தூரத்திலேயே நின்னு பின்னாடி எடுங்க.

ஆத்துமேடு எழுதியது:

ஆத்தோரம்னு எழுதியிருக்கீங்க, அதுதான் எனக்குக் கவலை. மணல் திட்டுல கூடாரம் போடாதீங்க. உங்க தலைக்கு மேல வானம் தெளிவா இருந்தாலும் மலையில பெஞ்ச மழை கெப்பாலா ஆயரா, அதாவது திடீர் வெள்ளமா, நிமிஷத்துல வரும். தெளிவான தண்ணி சட்டுன்னு கலங்கறது, சருகும் குச்சியும் கூட்டமா மிதந்து வர்றது, மேல இருந்து இரைச்சல்: இதுல ஒன்னு பார்த்தாலும் சாமானை விட்டுட்டு மேடேறுங்க. கரையில பழைய வெள்ளம் விட்ட குப்பை எந்த உயரத்துல கிளையில தொங்குதோ, அதுக்கு மேலதான் படுக்கை.

சாப்பாடு ஒன்னும் கூடாரத்துல வேண்டாம், எல்லாம் வண்டிக்குள்ள. வனக் காப்பகத்துக்குள்ள நுழையறதா இருந்தா அந்த மாநில வனத்துறை அனுமதிச் சீட்டை முன்னாடியே வாங்குங்க. ஏர்கானுக்காக இன்ஜினை ஓடவிட்டு வண்டிக்குள்ள தூங்கறது உயிருக்கே ஆபத்து. புகையில உள்ள கார்பன் மோனாக்சைடு உள்ளே வர்றது மூக்குக்குத் தெரியாது.

கித்தாக்காடு எழுதியது:

ரொம்ப நன்றி. ஒன்னு மட்டும்: டயர்ல செம்பனை மட்டை முள் குத்தினா, ஓட்டையை அடைக்கிற ரப்பர் பிளக் போட்டு ஓட்டலாமா?

நாலுசக்கரம் எழுதியது:

தரையில உருளற பாகத்துல குத்தினா போடலாம். பக்கச்சுவர்ல குத்தினா வேண்டாம், அங்க டயர் வளைஞ்சு வளைஞ்சு பிளக்கைத் துப்பிடும், ஸ்பேரை மாட்டுங்க. முள்ளை அவசரப்பட்டு பிடுங்காதீங்க, ஓட்டை எங்கேன்னு தேட வேண்டியிருக்கும். பிளக்கை ஊசியில கோத்து பசை தடவி கையில வச்சுக்கிட்டு அப்புறம் பிடுங்குங்க. அரத்தால நாலஞ்சு தடவை குடைஞ்சு, பிளக்கை முக்கால்வாசி உள்ளே தள்ளி, ஊசியை வெடுக்குன்னு இழுங்க. வெளியே 3 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்க. சோப்புத் தண்ணி ஊத்தி குமிழி வரலன்னா காத்து நிரப்பிக் கிளம்பலாம். மட்டையை அடுக்கி வச்சிருக்கிற வரிசைப் பக்கம் ஒதுங்கி நிறுத்தாதீங்க, முள் பாதிக்கு மேல அங்கதான் குத்தும்.