குட்டி இருக்கற கேஜ்ல வேற ஷுகர் கிளைடர விடலாமா? அவசரம்

தேயிலைக்காடு (கோத்தகிரி):
எங்க வீட்ல ஒரு ஜோடி ஷுகர் கிளைடர் (மரத்துக்கு மரம் தாவற சின்ன பிராணி) இருக்கு, இப்ப ரெண்டு குட்டி அம்மா வயித்துப் பைய விட்டு வெளிய வந்திருக்கு, கண்ணு இன்னும் தொறக்கல. இந்த நேரம் பாத்து பெங்களூர்ல இருக்கற மச்சான் வெளிநாடு கெளம்பறான், அவனோட ஜோடிய எங்கிட்ட விட்டுட்டு போறானாம். கேஜ் பெருசு தான், இடத்துக்கு பஞ்சமில்ல, எல்லாத்தையும் ஒண்ணா விட்டா இந்த குளிருக்கு ஒட்டிக்கிட்டு தூங்குமேன்னு வீட்ல சொல்றாங்க. அப்புறம் அப்பா கிளைடரே குட்டிய கடிச்சிடும்னு ஒரு வீடியோல பாத்தேன், அதையும் பிரிச்சிடணுமா? ஞாயித்துக்கிழமை வர்றான், சீக்கிரம் சொல்லுங்க.

குன்னூர்க்காரன்:
விட்றாதீங்க ப்ரோ. கேஜ் எவ்ளோ பெருசா இருந்தாலும் சரி. இதுங்களுக்கு கூட்டத்தோட வாசனை தான் எல்லாமே, ஆணோட மண்டைல முடி இல்லாம ஒரு வழுக்க இருக்குல்ல, அது வாசனை சுரப்பி, அத தேச்சு தேச்சு தான் தன் கூட்டத்துக்கு அடையாளம் வைக்கும். அந்த வாசன இல்லாத குட்டி வெளி ஆணுக்கு அந்நியம், கொன்னே போட்டுடும், புதுப் பொண்ணும் லேசுப்பட்டது இல்ல. குட்டி போடாம இருக்க ஆபரேஷன் பண்ணின ஆண் தானேன்னு மச்சான் சொன்னாலும் நம்பாதீங்க, அதுவும் வெளியாள் தான்.

அப்பாவ பிரிக்கவே கூடாது. அம்மா சாப்பிட போறப்ப குட்டிய சூடா வெச்சிக்கறது அது தான். திடீர்னு எடுத்துட்டீங்கன்னா அம்மாவுக்கு டென்ஷன் ஆகி குட்டிய கைவிட்டுடும், சில சமயம் தின்னே போட்டுடும். அடிக்கடி குட்டிய வெளிய எடுத்து போட்டோ புடிக்கறது, சத்து பத்தாத சாப்பாடு, இதெல்லாமும் அதே மாதிரி தான். அவிச்ச முட்டை, கால்சியம் கொஞ்சம் கூட குடுங்க.

மழைமேகம்:
இது நம்ம சோலைல ராத்திரி மரத்துக்கு மரம் தாவுமே பறக்கும் அணில், அது தானே? அத வீட்ல வெச்சா ஃபாரஸ்ட்ல கேஸ் போடுவாங்களே

குன்னூர்க்காரன்:
@மழைமேகம் அது வேறங்க, அது அணில் இனம், அத புடிக்கறது குத்தம் தான். இது ஆஸ்திரேலியா பக்கத்து பிராணி, கங்காரு மாதிரி வயித்துல பை இருக்கும். பொறக்கறப்ப அரிசி மணி சைஸ் கூட இருக்காது, சுமார் 70 நாள் பைக்குள்ளயே வளந்து தான் வெளிய வரும்.

கொடை அக்கா:
தம்பி, குளிருக்கு ஒண்ணா விடலாம்ங்கற யோசனைய முதல்ல விடு. அந்த ரூம 24-ல இருந்து 27 டிகிரி வரைக்கும் வெச்சுக்கோ, அது போதும். வெளிய வந்த புதுசுல குட்டிக்கு தன் உடம்பு சூட்ட தக்க வெச்சுக்க தெரியாது. உங்க ஊர்லயும் எங்க ஊர் மாதிரி மழைக்கு கரண்ட் போயிடும், ஹீட்டர மட்டும் நம்பாம சுடுதண்ணி பாட்டில துணில சுத்தி கேஜுக்கு வெளிப்பக்கமா, அதுங்க தூங்கற துணிப்பைய ஒட்டுனாப்ல வெய்யி. உள்ள வெச்சா கடிச்சு ஓட்ட போட்டுடும்.

தேயிலைக்காடு:
ரொம்ப தேங்க்ஸ் அக்கா, ப்ரோ. அப்ப மச்சான் ஜோடிய தனி கேஜ்ல பக்கத்துலயே வெச்சுக்கவா?

குன்னூர்க்காரன்:
இப்போதைக்கு வேற ரூம்ல வைங்க. ஒட்டி வெச்சா கம்பி வழியா கால கடிச்சிக்கும், அந்த வாசனையும் சத்தமுமே அம்மாவ மெரட்டும். கண்ணு ஒரு பத்து நாள்ல தொறந்துடும், ஆனா பால் மறக்க பொறந்ததுல இருந்து கிட்டத்தட்ட நாலு மாசம் ஆகும், அது வரைக்கும் சேக்கற பேச்சே வேணாம். அந்த ஜோடிய தொட்டுட்டு கை கழுவாம இங்க கை விடாதீங்க.

அதுக்கப்புறம் சேக்கணும்னா தூங்கற துணிப்பைய மாத்தி மாத்தி வெச்சு வாசன பழக்கிட்டு, ரெண்டு கூட்டமும் இருக்காத புது இடத்துல கூடவே உக்காந்து விட்டு பாருங்க. கத்துறது சகஜம், உருண்டு பொரண்டு கடிச்சா உடனே துண்டால பிரிச்சிடுங்க, வெறுங்கைய விட்டா உங்களுக்கும் சேத்து விழும். ஆபரேஷன் பண்ணாத ரெண்டு ஆணுன்னா சேக்காம இருக்கறதே நல்லது.

கொடை அக்கா:
மச்சான் கேஜோட குடுத்துட்டு போறாரா இல்ல வெறும் பையோடவான்னு இப்பவே போன் போட்டு கேட்டுக்கோ தம்பி, ஞாயித்துக்கிழமை கோத்தகிரில எங்க போய் கேஜ் தேடுவ.