மியூனிக்ல ரூம்: பணம் கட்டினா சாவி கூரியர்ல வரும்ங்கிறாங்க, நம்பலாமா?

தாமிரபரணி_மெக்
எல்லாருக்கும் வணக்கம். ஜெர்மனில டியூஎம்ல (மியூனிக் டெக்னிக்கல் யுனிவர்சிட்டி) மாஸ்டர்ஸ் கிடைச்சிருக்கு, மெக்கானிக்கல், கார்ச்சிங் கேம்பஸ், அக்டோபர்ல கிளாஸ். விசா வந்துருச்சு, செப்டம்பர் கடைசி வாரம் ஃப்ளைட், ரூம் மட்டும் இல்ல. டார்முக்கு (மாணவர் விடுதி) அப்பவே அப்ளை பண்ணேன், வெயிட்டிங் லிஸ்ட்னு ஒரு மெயில் வந்துச்சு, அதோட சரி. வேகே (சில பேர் சேர்ந்து இருக்குற ஷேர்டு வீடு) ரூமுக்கெல்லாம் மெசேஜ் போட்டு போட்டு கை ஓஞ்சு போச்சு.

நேத்து ஒருத்தர் பதில் போட்டார். மியூனிக் ஷ்வாபிங் ஏரியால ஃபர்னிஷ்டு தனி அப்பார்ட்மென்ட், வார்ம் (ஹீட்டிங் செலவும் சேர்த்த மாச வாடகை) 550 யூரோவாம், போட்டோல்லாம் ஹோட்டல் மாதிரி இருக்கு. அவர் ஸ்பெயின்ல வேலை பாக்குறதால நேர்ல காட்ட முடியாதாம், மூணு மாசத்துக்கு 1650 கட்டினா சாவிய கூரியர்ல அனுப்புவாராம், பிடிக்கலைன்னா முழு ரீஃபண்டாம். அவரோட பாஸ்போர்ட் காப்பி வேற அனுப்பியிருக்கார். அப்பா லோன் பணத்துல இருந்து கட்டிரலாமாங்கிறார். என்ன பண்றது?

யூ6_பயணி
கட்டாதீங்க, பக்கா ஸ்கேம். ஷ்வாபிங்ல அந்த காசுக்கு தனி வீடு கிடைச்சா நாங்க ஏன் நாலு பேரோட ஒரே கிச்சனுக்கு சண்டை போட்டுட்டு இருக்கோம்? ஓனர் வெளிநாட்டுல, சாவி கூரியர்லங்கிறது வருஷா வருஷம் செமஸ்டர் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஓடுற அதே படம். அந்த பாஸ்போர்ட் இதுக்கு முன்னாடி ஏமாந்த யாரோடதாவது இருக்கும், அதனால உங்க காப்பிய அனுப்பவே அனுப்பாதீங்க, நாளைக்கு அதை வச்சு இன்னொருத்தனுக்கு வலை விரிப்பாங்க. "என் ஃப்ரெண்டு மியூனிக்லதான் இருக்கான், நாளைக்கு வந்து பாப்பான்"னு ஒரு மெயில் போட்டுப் பாருங்க, ஆளே காணாம போயிடுவார்.

இசார்க்கரை
தம்பி, காசை அனுப்பிப்போடாதேங்கோ. இஞ்ச சட்டப்படி டெபாசிட் மூண்டு மாச கால்ட் வாடகைக்கு (ஹீற்றிங் மாதிரிச் செலவுகள் சேராத வாடகை) மேல வாங்கேலாது, அதையும் மூண்டு தவணையாக் கட்டலாம், முதல் தவணை குடிபோகேக்கதான். சாவி கைக்கு வரமுன்னம் முழுசையும் கேக்கிற ஆளை நம்பாதேங்கோ. மற்றது, நீங்கள் வாற நேரம் ஒக்டோபர்ஃபெஸ்ட், இஞ்சத்த பெரிய பியர்த் திருவிழா. ஹொஸ்டல் கட்டிலுக்கே யானைவிலை சொல்லுவாங்கள், வந்திறங்கிப்போட்டுப் பாப்பம் எண்டு இருந்திடாதேங்கோ. டார்மை நம்பியும் இருக்காதேங்கோ. ஃப்ரைமான் ஸ்டூடன்டன்ஸ்டாட்தான் நாட்டிலயே பெரிய மாணவர் குடியிருப்பு எண்டுவினம், 2021ல நெருப்புப் பிடிச்ச பிறகு அங்க கனக்க புளொக்குகளைக் காலி பண்ணிப்போட்டாங்கள்.

தாமிரபரணி_மெக்
சரி, அனுப்பல. அந்த ஃப்ரெண்டு வர்றான்னு மெயில் போட்டேன், அவ்ளோதான், அப்புறம் சத்தமே இல்ல 😂

இன்னொன்னு இருக்கு, மியூனிக் பக்கத்து ஊரு ஃப்ரைசிங்ல, அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் மட்டும், வேகேல ஒரு ரூம், 480 வார்ம். அங்க இருக்குற பொண்ணு எராஸ்மஸ்ல (வேற ஐரோப்பிய நாட்டுல போய் படிக்கிற எக்ஸ்சேஞ்ச்) போறாளாம், வீடியோ கால்ல ரூம், கிச்சன், கீழ காலிங் பெல்ல இருக்குற பேர் வரைக்கும் காட்டினா, கூட இருக்குற ரெண்டு பேரும் பேசினாங்க. ஆனா ஆன்மெல்டுங் (ஆபீஸ்ல அட்ரஸ் பதியிறது) பத்தி கேட்டா தெரியலைங்கிறா. மூணு மாசம்தானே, அது இல்லாம ஓட்டிரலாமா?

கார்ச்சிங்_இட்லி
ஓட்ட முடியாதுங்க. குடி போன 2 வாரத்துக்குள்ள அட்ரஸ் பதியணும், அது ரூல். பதிஞ்சாதான் டாக்ஸ் ஐடி தபால்ல வரும், அது இல்லாம பார்ட் டைம் வேலைக்கு சேர்ந்தா வரிய கன்னாபின்னான்னு பிடிச்சிருவாங்க. ரெசிடென்ட் பெர்மிட்டுக்கும் அட்ரஸ் வேணும். அக்ரிமென்ட் மட்டும் எடுத்துட்டுப் போனா செல்லாது, வீடு குடுக்குறவங்க கையெழுத்து போட்ட ஒரு ஃபார்ம் இருக்கு, வோனுங்ஸ்கேபர்பெஸ்டேட்டிகுங், பேர சொல்றதுக்குள்ள மூச்சு வாங்கும், அதுதான் மெயின்.

நல்ல விஷயம் என்னன்னா அதுல ஓனர்தான் கையெழுத்து போடணும்னு இல்ல, உள்வாடகைக்கு விடுறது அந்த பொண்ணுங்கிறதால அவளே போடலாம். ஆனா அவ உள்வாடகைக்கு விடுறதுக்கு ஓனர் சம்மதம் வேணும், அதை மெயில்லயாவது வாங்கித் தரச் சொல்லுங்க, இல்லைன்னா நடுவுல வெளிய போகச் சொன்னா நீங்கதான் பெட்டிய தூக்கிட்டு நிப்பீங்க. ஃப்ரைசிங்ல இருந்தா பதியிறது அந்த ஊர் ஆபீஸ்ல, பெர்மிட்டுக்கு ஃப்ரைசிங் லான்ட்ராட்ஸாம்ட் (மாவட்ட ஆபீஸ்), மியூனிக் சிட்டி ஆபீஸான கேவிஆர்ல போய் நிக்காதீங்க.

அப்புறம் முதல் நாளே லெட்டர் பாக்ஸ்ல உங்க பேர ஒட்டுங்க, பேப்பர்ல எழுதி டேப் போட்டாலும் போதும். பேர் இல்லைன்னா தபால் திரும்பிப் போயிடும், இங்க பேங்க் கார்டுல இருந்து இன்சூரன்ஸ் கார்டு வரைக்கும் எல்லாமே தபால்தான்.

யூ6_பயணி
ஃப்ரைசிங் ஓகே, ஆனா கார்ச்சிங்குக்கு நேர் ட்ரெயின் கிடையாது, எஸ்1 லோக்கல் ட்ரெயின்ல நோய்ஃபான் ஸ்டேஷன் வந்து பஸ் மாறணும். திரும்பி வரும்போது பெட்டி பாத்து ஏறுங்க, நோய்ஃபான்ல ட்ரெயின் ரெண்டா பிரிஞ்சு ஒரு பாதி ஏர்போர்ட்டுக்குப் போயிடும், ராத்திரி தூக்கத்துல அங்க போய் இறங்குறவங்க நிறைய பேர். காசு விஷயத்துல ஒண்ணு, ப்ளாக்டு அக்கவுன்ட்ல (விசாவுக்காக ஒரு வருஷ செலவுக்காசை முன்னாடியே போட்டு வைக்கிற அக்கவுன்ட்) மொத்தம் 11,904 யூரோ போட்டிருந்தாலும் மாசம் 992தான் வெளிய வரும், அதுவும் இங்க வந்து ஆக்டிவேட் பண்ண அப்புறம்தான். முதல் வாடகை, டெபாசிட் ரெண்டுக்கும் தனியா கொண்டு வாங்க.

தாமிரபரணி_மெக்
அந்த பொண்ணு ஃபார்ம்ல கையெழுத்து போடுறேன்னுட்டா, ஓனர் சம்மத மெயிலையும் ஃபார்வர்டு பண்ணிட்டா. டெபாசிட் ஒரு மாச வாடகை, சாவி வாங்கும்போது குடுத்தா போதுமாம். ரொம்ப நன்றி எல்லாருக்கும். ஜனவரிக்கு எப்ப இருந்து தேடணும்?

கார்ச்சிங்_இட்லி
நவம்பர்லயே ஆரம்பிச்சிருங்க. அப்ப நீங்க ஊர்ல இருப்பீங்க, நேர்ல போய் பாக்கலாம், அதுவே பாதி வேலை. மெசேஜ ஜெர்மன்ல எழுதுங்க, ஒரே டெக்ஸ்ட்ட எல்லாருக்கும் அனுப்பாதீங்க, விளம்பரத்துல பூனை இருக்குன்னு போட்டிருந்தா பூனைய பத்தி ஒரு வரி எழுதுங்க. படிச்சிருக்கான்னு தெரிஞ்சா பதில் போடுவாங்க. மியூனிக் சிட்டிக்குள்ளதான் வேணும்னு நிக்காம எக்கிங், உன்டர்ஷ்லைஸ்ஹைம், கார்ச்சிங் பக்கமும் சேர்த்துப் பாருங்க.

இசார்க்கரை
ஃப்ரைசிங் ஆக்களிட்டயே ஜனவரிக்கும் நீட்டலாமோ எண்டு இப்பவே ஒரு வார்த்தை கேட்டு வையுங்கோ தம்பி. எராஸ்மஸ் போறவை சிலவேளை இன்னொரு செமஸ்டரும் நிண்டிடுவினம்.