கர்ப்பப்பை வாயில் ஒளி நிறமாலை: அளவீடு எங்கே கெடுகிறது? (நான்கு பேரின் அனுபவப் பகிர்வு, புனைபெயர்களில்)

ஒளிநார்
கர்ப்பப்பை வாயில் ஒளி பாய்ச்சி, திரும்பும் ஒளியை அலைநீளவாரியாகப் பிரித்து (நிறமாலை), புற்றாக மாறக்கூடிய திசுவை (முன்புற்று) தேடுகிறோம். இதில் கருவியைவிட, அளக்கும் வரிசைதான் அதிகம் கெடுக்கிறது. ஸ்பெகுலம் (யோனியை விரிக்கும் கருவி) போட்டதும் சளியைச் சலைனில் நனைத்த பஞ்சால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள். தேய்த்தால் இரத்தம் கசியும், ஒளிர்வு (தூண்டப்பட்ட திசு தானே வெளியிடும் ஒளி) அளவீடு அங்கேயே போச்சு. ஹீமோகுளோபின் 415 நானோமீட்டர் அருகே ஒளியைப் பலமாகவும், 540, 577இல் ஓரளவும் உறிஞ்சும். 337 நானோமீட்டர் லேசரால் தூண்டினால் கொலாஜன் (இணைப்புத் திசுப் புரதம்) 400ஐ ஒட்டியும் என்ஏடிஎச் (செல்லின் ஆற்றல் வேதியியலில் பங்கேற்கும் மூலக்கூறு) 460ஐ ஒட்டியும் ஒளிரும். நடுவில் இரத்தம் ஒரு பள்ளம் வெட்டிவிட்டால் ஒரே அகன்ற முகடு இரண்டாகத் தெரியும். புதியவர்கள் அதை இரண்டு பொருளாக எழுதிவிடுகிறார்கள்.

நிறமாலை எடுப்பது, சந்தேகத் திசுவை வெளுக்கவைக்கத் தடவும் அசிட்டிக் ஆசிடுக்கு (3 முதல் 5 சதவீதம்) முன்பா பின்பா என்பதை முதலிலேயே முடிவுசெய்து, எல்லா நோயாளிக்கும் அதையே பின்பற்றுங்கள். பின்பு என்றால் நேரத்தையும் குறிக்க வேண்டும். வெண்மை ஓரிரு நிமிடத்தில் உச்சம் தொட்டு மங்கத் தொடங்கும், அதனால் 1ஆம் நிமிட நிறமாலையும் 4ஆம் நிமிட நிறமாலையும் ஒன்றல்ல. (டைசிஸ் கருவி இந்த வெண்மை எழுந்து மங்கும் போக்கையே அளவாக்கிக்கொண்டது, கெட்டிக்காரத்தனம்.) லூகால் அயோடின் (திசுவுக்கு நிறமேற்றும் கரைசல்) தடவுவது நிறமாலை முடிந்த பிறகுதான். அது நீலப் பகுதியை முழுக்க விழுங்கிவிடும். பயாப்ஸி எல்லாவற்றுக்கும் கடைசி.

கோல்போ மேசை
புரோபின் (திசுவைத் தொட்டு அளக்கும் ஃபைபர் முனை) அழுத்தத்தை விட்டுவிட்டீர்கள். சற்று அழுத்தினாலே அடியிலுள்ள இரத்தம் விலகி, ஹீமோகுளோபின் பள்ளம் ஆழம் குறையும். முன்புற்றில் இரத்தக் குழாய்கள் கூடுவதைத்தானே தேடுகிறோம், அழுத்தினால் அந்த அடையாளமே போய்விடும். நுனி முழுதும் படிந்தால் போதும். ஒரே இடத்தில் மூன்று முறை எடுத்து, மூன்றும் ஒத்துப்போகாவிட்டால் ஒதுக்குங்கள்.

அடுத்தது இடம். தொடு புரோப் பார்ப்பது 1–2 மில்லிமீட்டர் அகலம், பயாப்ஸி துண்டு அதைவிடப் பெரிது. கடிகார முள் நிலையோடு (இடம் 3 மணியா, 6 மணியா என்று), புரோப் வைத்திருக்கும்போதே ஒரு படம் எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் ஒரு இடத்தின் நிறமாலைக்கு வேறு இடத்தின் நோயியல் முடிவு ஒட்டிக்கொள்ளும். எந்த மென்பொருளாலும் பிறகு அதைச் சரிசெய்ய முடியாது.

ஏமாற்றும் திசு நிலைகள் மூன்று. தூண் வடிவச் செல் படலமும் (வாயின் உட்கால்வாயின் இயல்பான மேல்படலம்) அழற்சியும் ஒளிர்வைக் குறைத்து சிஐஎன் (கர்ப்பப்பை வாய் முன்புற்று) போல நடிக்கும். மெனோபாஸ் இதற்கு நேர் எதிர். வயதோடு கொலாஜன் ஒளிர்வு ஏறுவதால், 60 வயதுப் பெண்ணின் சிஐஎன் 25 வயதுப் பெண்ணின் இயல்பான திசு அளவுக்கு ஒளிரக்கூடும். ஆகவே அந்தந்தப் பெண்ணின் இயல்பான செதிள் படலத்தோடுதான் (வாயின் வெளிப்புறத் தட்டைச் செல் படலம்) ஒப்பிட வேண்டும்.

ராமன் 785
அந்த ஒப்பீட்டுக்குப் புற்று கர்ப்பப்பை வாய் முழுவதையும் மூடியிருந்தால் இயல்பான இடம் எங்கே கிடைக்கும்? நவி மும்பை கார்கரில் உள்ள ஆக்ட்ரெக் (டாடா மெமோரியலின் புற்றுநோய் ஆய்வு மையம்) ஆய்வுக்குழு யோனிச் சுவரை உள் ஒப்பீடாக வைத்துப் பார்த்தது. முயற்சிக்கத்தக்கது.

ராமன் நிறமாலையில் (லேசர் ஒளி மூலக்கூறில் பட்டு அலைநீளம் மாறிச் சிதறுவதை அளக்கும் முறை) 785 நானோமீட்டர் லேசர், சுமார் 80 மில்லிவாட், ஓர் இடத்துக்கு 3–5 விநாடி. கோல்போஸ்கோப் (கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் கருவி) விளக்கு, அறை விளக்கு இரண்டும் அணைந்திருக்க வேண்டும். தினமும் காலையில் நியான்-ஆர்கான் விளக்கும் தூய பாராசிட்டமால் தூளும் வைத்து நிறமாலையின் அச்சைச் சரிபாருங்கள். திசுவில் 1,003 செ.மீ⁻¹ ஃபினைல் அலனின் (புரதத்தின் ஓர் அமினோ அமிலம்) முகடு நகர்ந்திருந்தால் அன்றைய தரவு சந்தேகம்தான்.

பெரிய தலைவலி கிளைகோஜன் (செல்லில் சேமித்த சர்க்கரை). இயல்பான செதிள் படலத்தில் நிறைய இருக்கும், சிஐஎன்னில் குறையும். அதன் 850, 938 முகடுகள் கொலாஜனின் 855, 938 மீதே விழுகின்றன. பிரித்துக்காட்டக்கூடிய 480 முகட்டைப் பார்க்கலாம் என்றால் ஃபைபரின் சிலிக்கா 490இல் குந்தியிருக்கிறது. புரோப் நுனியிலேயே வடிகட்டி இல்லையென்றால் 900க்குக் கீழே எதையும் நம்பாதீர்கள். மெனோபாஸுக்குப் பின் ஈஸ்ட்ரோஜன் குறைவால் கிளைகோஜன் தானாகவே குறையும் என்பதையும் மறக்க வேண்டாம். வாண்டர்பில்ட் பல்கலைக்கழகக் குழு ஹார்மோன் நிலையைக் கணக்கில் சேர்த்த பிறகே வகைப்படுத்தல் மேம்பட்டது.

எண்ணர்
நிறமாலையைக் கணினியால் வகைப்படுத்தும்போது, ஒரு பெண்ணிடம் எடுத்த பத்து நிறமாலையில் எட்டைப் பயிற்சிக்கும் இரண்டைச் சோதனைக்கும் வைத்தால் துல்லியம் 95க்கு மேல் வந்து நிற்கும். அது அந்தப் பெண்ணை அடையாளம் காணும் துல்லியம். சோதனைக்கென ஒதுக்க வேண்டியது முழு நோயாளியை. கட்டுரை படிக்கும்போதும் முதலில் இதைத் தேடுங்கள்.

கோல்போ மேசை
இதையும் சொல்லிவிடுகிறேன்: இது எச்பிவி (இந்தப் புற்றை உண்டாக்கும் வைரஸ்) டிஎன்ஏ பரிசோதனைக்கு மாற்று அல்ல. 2006இல் அமெரிக்க எஃப்டிஏ அனுமதித்த லூமா என்ற ஒளி நிறமாலைக் கருவியும் கோல்போஸ்கோப்பிக்குத் துணைக்கருவி என்ற அளவில்தான். எச்பிவி பாசிட்டிவ் வந்தவர்களில் யாருக்கு, எந்த இடத்தில் பயாப்ஸி என்று தேர்வதற்குத்தான் ஒளி.

ஒளிநார்
புரோபைக் கிருமி நீக்க 0.55 சதவீத ஓபிஏ (ஆர்த்தோ-ஃப்தலால்டிஹைடு) கரைசல், 12 நிமிடம். ஓபிஏ அமினோடும் தியாலோடும் (புரதங்களில் உள்ள வேதிக் குழுக்கள்) சேர்ந்தால் 340இல் தூண்டப்பட்டு 455 சுற்றி ஒளிரும் சேர்மம் உருவாகும். என்ஏடிஎச் இருக்கும் அதே இடம்! நுனியில் புரதத் துணுக்கு ஒட்டியிருந்தால் பொய் என்ஏடிஎச் கிடைக்கலாம். ஊறப்போடும் முன் நன்கு துடையுங்கள். பிறகு கிருமியற்ற நீரில் மூன்று முறை அலசி, அடுத்த நோயாளிக்கு முன் ஒளிராத கறுப்புத் தட்டில் ஒரு வெற்று நிறமாலை எடுங்கள். 455இல் மேடு தெரிந்தால் மறுபடி அலசுங்கள்.