அப்பாவின் இரட்டைக் குழல் துவக்கு, திருத்த எந்த பாஸிடம் (வேலைக்காரரிடம்) கொடுப்பது?

ஹப்புத்தளை தம்பி:
அண்ணன்மாரே, ஒரு யோசனை சொல்லுங்கள். அப்பாவின் துவக்கு 12 போர் (குழலின் உள்ளளவு) இரட்டைக் குழல், லைசன்ஸ் இப்போது என் பெயரில். உருளைக்கிழங்குக் காணிக்குள் பன்றி இறங்குகிறது என்றுதான் வைத்திருக்கிறோம். போன மழைக்கு மூலையில் சாத்தி வைத்ததில் இடது குழலுக்குள் துரு, குழல் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி சின்ன நெளிவும் இருக்கிறது. டவுனில் லேத் வைத்திருக்கும் ஒருவர் உள்ளே கடைந்து பளபளவென்று ஆக்கித் தருகிறேன் என்கிறார், காசும் குறைவு. கொடுக்கலாமா?

லீக்ஸ் பாத்தி:
கொடுக்காதே தம்பி. துருவைக் கடைந்தால் குழலின் சுவரும் சேர்ந்து மெலியும், வெடியைத் தாங்குவது அந்தச் சுவர்தானே. என் ஒற்றைக் குழலை ஒருவர் இப்படித்தான் கடைந்து கொடுத்தார், கண்ணாடி மாதிரி இருந்தது. அப்புறம் வேறொரு பாஸ் அளந்து பார்த்துவிட்டு, இனி இதில் தோட்டா போடவே வேண்டாம் என்றார்.

பழைய குறிகாரன்:
வேலைக்காரரை அவர் கேட்கிற கேள்வியை வைத்தே கணிக்கலாம். துவக்கைக் கையில் வாங்கியதும் முதலில் கீலில் மடித்துத் திறந்து, தோட்டா இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் செய்யாதவரிடம் மேற்கொண்டு பேசாதீர்கள். பிறகு குழலைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார்: உள்ளே நிழல் வளையம் வளையமாகத் தெரியும், நெளிவு இருக்கும் இடத்தில் வளையம் உடையும். குழலைத் தொங்கவிட்டு விரலால் சுண்டினால் கோயில் மணி போல் கேட்க வேண்டும், கரகரத்தால் இரண்டு குழலுக்கும் நடுவிலுள்ள பட்டியின் ஈயப் பற்று விட்டிருக்கிறது என்று அர்த்தம். நெளிவை உள்ளே அளவான கட்டை கொடுத்து மெல்லத் தட்டி எழுப்புவார்கள், கடைய மாட்டார்கள்.

இன்னொன்று, தோட்டா அறையின் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். பழைய இங்கிலாந்துத் துவக்குகள் பலவற்றில் அது 65 மில்லிமீட்டர், இப்போது கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் 70. உள்ளே போய்விடும், அதுதான் ஆபத்து: சுடும்போது தோட்டாவின் வாய் முழுதாக விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

ரைபிள் குழல் என்றால் வேறு கை வேண்டும். அதில் வாயின் விளிம்பு ஒரு பக்கம் சிதைந்தாலே குண்டு விலகும். 12 போரில் கெட்டிக்காரர் என்பதற்காக அதையும் அவரிடமே கொடுக்க வேண்டாம்.

ஊவாக்காரன்:
திருத்துகிறவருக்கும் லைசன்ஸ் வேண்டும், கேட்டுப் பாருங்கள். உங்களுடையதையும் கையில் கொண்டு போங்கள், வருடா வருடம் புதுப்பிக்கிறதுதானே, திகதி பார்த்துக்கொள்ளுங்கள். துவக்கு இலக்கத்தின் மேல் அரம் படவே கூடாது.

ஹப்புத்தளை தம்பி:
நன்றி அண்ணே. கண்டிப் பக்கம் ஒரு வயசான பாஸிடம் போனேன். கால் மணி நேரம் வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. வலது குழல் நல்லது, இடதில் துரு ஆழம், நெளிவை எடுத்தாலும் அதில் சுடாதே என்றார். பார்த்ததற்குக் காசும் வாங்கவில்லை. அறை 65தான். வீட்டில் இருந்த தோட்டாப் பெட்டியில் 70 என்று போட்டிருக்கிறது.