புது சிப்செட் செய்வது ஏன் இத்தனை கஷ்டம்?

ஈசிஇ மூன்றாம் ஆண்டு:
வணக்கம். மதர்போர்டில் பிராசசரை மற்ற பாகங்களோடு இணைக்கும் சிப்செட்டில் இருப்பது ஹார்டு டிஸ்க்குக்கான சாட்டா, யுஎஸ்பி, கூடுதல் கார்டுகளுக்கான பிசிஐ எக்ஸ்பிரஸ் போர்ட்டுகள்தான். பிராசசர் அளவுக்குச் சிக்கலானதாகத் தெரியவில்லை. பெரிய நிறுவனங்கள்கூட இதில் தடுமாறுவது ஏன்? சிப்பைச் சோதிக்கும் வேலிடேஷன் வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிறேன்.

பெஞ்ச்காரன்:
தம்பி, சிப் தயாரிக்கும் ஆலையான ஃபேபிலிருந்து அது வந்த பிறகு அதைச் சோதிப்பதுதான் 14 வருஷமாக என் வேலை. சிப்செட்டில் எதைச் செருகுவது என்பது வாங்குகிறவர் கையில் இருக்கிறது. பழைய பென்டிரைவ், பெயர் தெரியாத கேபிள், ஐந்தாறு மீட்டர் தள்ளி ஒரு ஹப், எல்லாம் வரும்.

ஒரு தடவை மெஷினை ஸ்லீப்புக்கு அனுப்பி எழுப்பும் சோதனையை இரவு பகலாக ஓட்டினோம். சுமார் 600 தடவைக்கு ஒருமுறை ஒரே ஒரு யுஎஸ்பி ஹப் மட்டும் எழவில்லை. அதுவும் லேப் நன்றாகக் குளிர்ந்திருந்தால்தான். தப்பு சிப்பிலா, போர்டிலா, மெஷினைத் தொடங்கிவைக்கும் பயாஸ் மென்பொருளிலா, ஹப்பிலா? கண்டுபிடிக்க 11 நாள் ஆனது. மின்னழுத்தம் நிலைக்கும் முன்பே, தொடங்கவிடாமல் பிடித்துவைக்கும் ரீசெட் சிக்னல் விடுபட்டுக்கொண்டிருந்தது. பயாஸில் கொஞ்சம் தாமதம் சேர்த்ததும் சரியாகிவிட்டது.

எல்லாப் பிழையும் பயாஸோடு போய்விடாது. இன்டெலின் கூகர் பாயின்ட் கதையைப் படி. சாண்டி பிரிட்ஜ் பிராசசரோடு வந்த 6 வரிசை சிப்செட் அது. 2011 ஜனவரி தொடக்கத்தில் விற்பனைக்கு வந்தது, 31ஆம் தேதியே அனுப்புவதை நிறுத்தினார்கள். 3 ஜிகாபிட் சாட்டா போர்ட்டுகள் நான்கும் நாளாக நாளாகத் தேயும் என்று தெரிந்தது. அவற்றுக்குக் கிளாக் (நேரத் துடிப்பு) கொடுக்கும் பிஎல்எல் பகுதியில், கேட் ஆக்சைடு என்ற காப்புப் படலம் மெல்லியதாக இருந்த ஒரு டிரான்சிஸ்டருக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போய்க்கொண்டிருந்தது. அதனால் மின்கசிவு கூடிக்கொண்டே போனது. அந்த டிரான்சிஸ்டர் முந்தைய டிசைனின் மிச்சம், அங்கே அது தேவையே இல்லை! 6 ஜிகாபிட் போர்ட்டுகள் இரண்டுக்கும் தனி கிளாக் இருந்ததால் அவை தப்பின.

ஈசிஇ மூன்றாம் ஆண்டு:
அண்ணா, சிமுலேஷனில் ஏன் மாட்டவில்லை?

பெஞ்ச்காரன்:
லாஜிக் சரியாக இருந்ததே. முதல் நாள் எல்லாப் போர்ட்டும் ஒழுங்காக ஓடும். மூன்று வருஷத்தில் 5 முதல் 15 சதவீதம் வரை கெடலாம் என்பதுதான் கணிப்பு. அதைப் பார்க்க, சூட்டையும் வோல்டேஜையும் ஏற்றிச் சிப்பை வேகமாக முதுமையாக்க வேண்டும். அதற்கு நாள் பிடிக்கும், விற்பனைத் தேதியோ காத்திருக்காது. எனக்கு இன்றும் மனசு பதறுவது இந்த இடத்தில்தான். திருத்தம் என்னவோ ஒரு மெட்டல் லேயர் மாற்றம்தான், சிப்பின் பி2 பதிப்பு போய் பி3 பதிப்பு வந்தது. ஆனால் பழுது நீக்கவும் மாற்றிக் கொடுக்கவும் 70 கோடி டாலர், இழந்த வருமானம் 30 கோடி டாலர் என்று இன்டெலே மதிப்பிட்டது.

போர்டு லேஅவுட்:
எங்கள் பக்கத்துச் சங்கடத்தையும் சொல்லிவிடுகிறேன். 2019இல் ஏஎம்டியின் எக்ஸ்570 பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0உடன் வந்தது. சிப்செட்டின் சூடு 11 வாட் அளவுக்குப் போனதால் பெரும்பாலான போர்டுகளில் அதற்கே ஒரு குட்டி ஃபேன் வைக்க வேண்டியிருந்தது. வேகம் இரட்டிப்பானதும் பழைய போர்டு மெட்டீரியலில் சிக்னல் தேய்ந்துவிடும். சிக்னல் போகும் செப்புக் கோடான டிரேஸைச் சுருக்கு, லேயரைக் கூட்டு என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டுவோம்.

பெஞ்ச்காரன்:
உண்மை. தம்பி, வேலைக்குத் தாராளமாக வா. அதற்கு முன் ஏதாவது ஒரு சிப்செட்டின் எர்ராட்டா பட்டியலை, அதாவது தெரிந்த பிழைகளின் பட்டியலை, இறக்கிப் படி. பல பிழைகளுக்கு எதிரே ‘நோ ஃபிக்ஸ்’ என்றிருக்கும். ஒவ்வொன்றையும் ஏன் திருத்தாமல் விட்டிருப்பார்கள் என்று யோசித்து எழுதிப் பார், இங்கேயே போடு. நான் படிக்கிறேன்.