கட்டுத்துணி ஒட்டிக்கொண்டது, வாழைக்குருத்து ஒட்டவில்லை

போன கார்த்திகையில் சோழவந்தானிலிருந்து மேலக்கால் வழியாக மதுரைக்கு வரும்போது, ரோட்டில் கிடந்த மணலில் வண்டி சறுக்கியது. வலது முழங்கைக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழன்றுவிட்டது. ஆழமில்லை. ஒரு கிளினிக்கில் கழுவி, ரணஜன்னி (டெட்டனஸ்) வராமலிருக்க டி.டி. ஊசி போட்டு, மருந்து தடவிக் கட்டி அனுப்பினார்கள்.

மறுநாள் கட்டைப் பிரித்தபோதுதான் உயிர் போய் உயிர் வந்தது. துணியின் இழையெல்லாம் புண்ணோடு காய்ந்து ஒட்டியிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்தும், இழுத்த இடமெல்லாம் ரத்தம் பொடிப்பொடியாகத் துளிர்த்தது.

பார்த்துக்கொண்டிருந்த அம்மாச்சி, "ஏய்யா, குருத்து இலைய வச்சுக் கட்டு, ஒட்டாது" என்றார். கொல்லை வாழையில் விரியாத குருத்தை நறுக்கி, கழுவி, கொதிக்கும் தண்ணீரில் பத்து நிமிடம் போட்டார். இளம்பச்சை மங்கி, இலை துணிபோலத் துவண்டது. ஆறியதும் நடுநரம்பை நீக்கி, வழவழப்பான பக்கம் புண்ணில் படும்படி வைத்து, அவித்துக் காயவைத்த பழைய வேட்டித் துணியால் தளர்வாகக் கட்டினார். வைத்ததுமே குளுமையாக இருந்தது. மறுநாள் பிரித்தபோது இலை தானாக வழுக்கி வந்தது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை. தினமும் மாற்றினோம், பத்து நாளில் ரோஜா நிறத்தில் புதுத்தோல் மூடிவிட்டது.

இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை. ஒட்டுப்போடுவதற்காகத் தோல் எடுத்த இடத்தில் வாழையிலையையும் வாசலின் (Vaseline) களிம்பு தடவிய துணியையும் கட்டி ஒப்பிட்ட மும்பை மருத்துவர்களின் ஆய்வு 2003-இல் வெளியானது. இலை கட்டியவர்களுக்குப் பிரிக்கும்போது வலி குறைவு. ஆனால் அவர்கள் கட்டியது கிருமி நீக்கிய இலை.

அதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், மாமாவுக்கு நடந்ததைப் பார்த்திருக்கிறேன். அறுப்பில் கதிர் அரிவாள் விரலைக் கிழித்தது. வரப்பில் இருந்த கிணற்றுப்பாசானை, பிள்ளைகள் 'தாத்தாப்பூ' என்று தலையைச் சுண்டி விளையாடுவார்களே அதைத்தான், கசக்கிச் சாற்றைப் பிழிந்தார். ரத்தம் நின்றது, அது உண்மை. ஆனால் சேற்றுக் கையால், கழுவாத இலை. மூன்றாம் நாள் விரல் வீங்கிச் சீழ் கோத்து, கீறி எடுக்க வேண்டியதாயிற்று. ரணஜன்னிக் கிருமி மண்ணிலும் சாணியிலும்தான் விதைபோலக் கிடக்கிறது. சாதாரணமாகக் கொதிக்கவைத்தால்கூட அந்த விதை முழுதாகச் சாகாது. அதனால் இலை கட்டினாலும் ஊசி ஊசிதான். முதலில் சோப்பும் ஓடுகிற தண்ணீரும், பிறகுதான் இலை. பூச்சிமருந்து அடித்த தோட்டத்து இலை வேண்டவே வேண்டாம்.

அப்புறம், அம்மாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. தை மாதம் செருப்புக் கடித்துக் குதிகாலில் சின்னப் புண். நான் குருத்து வெட்டக் கத்தியை எடுத்தபோது அம்மாச்சியே தடுத்துவிட்டார்: "அவளுக்கு வேணாம்யா. ஆட்டோவக் கூப்பிடு, ஆஸ்பத்திரிக்குப் போவோம்."