அடீனியம்: கிழங்கு ஒரு பக்கம் அமுங்குது, பூவும் இல்லை

மாடிச்செடி:
ஒட்டு அடீனியம் (பாலைவன ரோஜா), 3 வயசு. 8 அங்குல பிளாஸ்டிக் தொட்டி, செம்மண்ணும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி. காலை வெயில் 3 மணி நேரம் படும். ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீர். பத்து நாளா அடியிலை மஞ்சளாகி உதிருது, கிழங்கை (பருத்த அடித்தண்டை) அழுத்தினா ஒரு பக்கம் உள்ளே போகுது. தாகமோன்னு தினமும் ஊத்தினா இன்னும் மோசம். இந்த வருஷம் ஒரு மொட்டுகூட வரலை.

வேர்க்கால்:
முதல்ல தண்ணியை நிறுத்துங்க. மண் நல்லா காய்ஞ்சு, கிழங்கு சுத்திலும் ஒரே மாதிரி தொய்ஞ்சிருந்தா அது தாகம். ஒருதடவை முழுசா நனைச்சா சில நாள்ல இறுகிடும். மண் ஈரமா இருக்கும்போதே ஒரு பக்கம் மட்டும் அமுங்கினா அழுகல். உங்களுது ரெண்டாவது ரகம்.

இன்னைக்கே பிடுங்கி மண்ணைக் கழுவுங்க. ஸ்பிரிட்டில் துடைச்ச கூர்கத்தியால பழுப்பான இடத்தைச் சீவிட்டே போங்க. ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியைத் துடைக்கணும், இல்லைன்னா அழுகலை நீங்களே நல்ல சதைக்குக் கொண்டுபோற மாதிரி ஆகும். வெட்டுமுகம் முழுக்க வெள்ளையா, கெட்டியா வரணும். நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி தெரிஞ்சாலும் இன்னும் ஒரு சீவல் போடுங்க. மனசு கேக்காம அங்கே விட்டவங்கதான் மறுபடி வெட்ட வேண்டியிருக்கும். மேங்கோசெப் மாதிரி பூஞ்சைக்கொல்லித் தூளைத் தடவி, காத்தோட்டமான நிழல்ல 7 முதல் 10 நாள் வைங்க. வெட்டு காய்ஞ்சு தோல் கட்டின பிறகுதான் நடணும்.

கையுறை கட்டாயம். அரளிக் குடும்பம் இது, பால் விஷம். கண்ணிலும் வாயிலும் படக்கூடாது.

சரளைக்கல்:
மேலே சொன்னது சரி, ஆனா பழைய மண்ணிலேயே திரும்ப நட்டா அடுத்த மழைக்கு இதே கதைதான். செம்மண் களி ஈரத்தைப் பிடிச்சு வைக்கும், மண்புழு உரம் அதுக்குத் துணை. 2 பங்கு பெர்லைட் (சூட்டில் பொரிஞ்ச லேசான வெள்ளைக் கல்துகள்), 2 பங்கு 3–5 மி.மீ. கல்துகள் இல்லைன்னா உடைச்ச செங்கல், 1 பங்கு மட்கிய உரம். கல்லையும் செங்கலையும் சலிச்சு தூசியை எடுத்துடுங்க. அந்தத் தூசிதான் இடைவெளியை அடைக்குது. ஊத்தின தண்ணி மேலே குளம் கட்டாம, சில நொடியில் அடித்துளை வழியா ஓடணும்.

தொட்டி அடியில் ஜல்லி பரப்பினா வடியும்னு எல்லாரும் சொல்வாங்க. வடியாது. ஜல்லிக்கு மேலே இருக்கிற மண்ணில் ஈரம் தேங்கி நிற்கும், வேருக்கு இன்னும் கிட்டவே வந்துடும்.

மாடிச்செடி:
வெட்டிட்டேன். அடி முழுக்கப் பழுப்பு, ஒரு மாதிரி நாத்தம். இப்போ வேரே இல்லை, ஒட்டுக்குக் கீழே 4 செ.மீ. கெட்டிக் கிழங்கு மட்டும் மிச்சம். பிழைக்குமா?

வேர்க்கால்:
பிழைக்கும். இலையெல்லாம் கிள்ளிடுங்க, வேர் இல்லாதப்போ அது வழியா நீர்தான் போகும். காய்ஞ்ச பிறகு உலர்ந்த கலவை மேல 1 செ.மீ. மட்டும் பதியற மாதிரி வைச்சு, சாயாம ரெண்டு குச்சி ஊணுங்க. முதல் வாரம் தண்ணீர் வேண்டாம். அப்புறம் ஓரமா கொஞ்சம், காய்ஞ்சதும் மறுபடி. ஒட்டுப் போட்ட இடத்தைத் தாண்டி அழுகல் ஏறியிருந்தா மேல்கிளையைப் பதியன் போட்டு ரகத்தை மட்டும் காப்பாத்தலாம், ஆனா பதியனுக்கு இந்த மாதிரி பருத்த கிழங்கு கட்டறது அபூர்வம்.

நுனிமொட்டு:
பூ விஷயத்துக்கு வர்றேன். 3 மணி நேர வெயில் இலைக்குத்தான் போதும். மொட்டுக்கு 6 மணி நேரமாவது நேர்வெயில் வேணும். புதுக்கிளை நுனியில்தான் மொட்டு கட்டும், அதனால குளிர் முடிஞ்சு துளிர் விடுற சமயத்தில் ஒவ்வொரு கிளையிலும் மூணில் ஒரு பங்கு கவாத்து பண்ணணும். இப்போ கத்திரியைத் தொடாதீங்க, வேர் வரட்டும். தழைச்சத்து கூடின உரமும் வேண்டாம், இலைதான் பெருகும். வெயிலுக்கு மாத்தும்போது பத்து நாள் கொஞ்சம் கொஞ்சமா. இதுவரை மண்ணுக்குள்ள இருந்த கிழங்குத்தோல் சட்டுனு வெந்துடும்.

சரளைக்கல்:
ஒண்ணு மட்டும். துளிர் வந்ததும் வேர் வந்துட்டதா நினைச்சு ஊத்திடாதீங்க, கிழங்கில் சேமிச்ச நீரிலேயே அது துளிர்க்கும். 4 வாரம் கழிச்சு மெல்ல அசைச்சுப் பாருங்க. செடி ஆடாம மண்ணைப் பிடிச்சிருந்தா வேர் வந்தாச்சு.